திரையில் தெரபிஸ்ட் இருக்கிறார், பிள்ளைக்குப் பக்கத்தில் யார்?

டீச்சர், ஆன்லைன் தெரபி பயன்படுமா படாதா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரங்களையும் சேர்த்துப் படித்தால் கேள்வி இப்படி வருகிறது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் வழிப் பள்ளி. நான்கு பிள்ளைகளுக்கு உதவி வேண்டும். இரண்டாம் வகுப்புப் பையன் ‘காக்கா’ என்பதைத் ‘தாத்தா’ என்கிறான். ஒன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பெண் குழந்தை, பேசுவது ஐந்தாறு சொற்கள்தான். ஐந்தாம் வகுப்பில் செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் வரும் தசை இயக்கக் குறைபாடு) உள்ள பையன், வலது கை இறுகியிருக்கிறது. நான்காம் வகுப்பில் இன்னொருவன், வாயாடி, ஆனால் வாசிப்பு வரவில்லை. பி.ஆர்.சி.யிலிருந்து (வட்டார வள மையம்) வரும் ஸ்பெஷல் எஜுகேட்டருக்குப் பல பள்ளிகள். பாலக்காட்டில் தெரபி மலையாளத்தில் நடக்கிறது. கோயம்புத்தூரில் தமிழில் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. இந்த நிலையில் ஒரு தனியார் கம்பெனி நான்கு பேருக்கும் ஒரு வருடப் பேக்கேஜ் தருகிறேன் என்று வந்திருக்கிறது. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பணத்தை அதில் போடலாமா என்பது உங்கள் கேள்வி. எந்தப் பிள்ளைக்கு, எந்த வேலையைத் திரை வழியாக நம்பிக் கொடுக்கலாம், அதற்குப் பள்ளி தன் பங்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதைப் பிரித்துக்கொண்டு பதில் சொல்கிறேன். பிள்ளைகளை நேரில் பார்க்காமல் சொல்வது இது. நோயறிதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதிதான் திரைக்குள் இருக்கிறது. மறுபாதியைச் செய்பவர் பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெரியவர். அம்மாவாக இருக்கலாம், ஆயாவாக இருக்கலாம், ரிசோர்ஸ் டீச்சராக இருக்கலாம். அந்த நாற்காலியில் வாரம் தவறாமல் ஒரே ஆள் உட்காருவார் என்று உறுதி செய்ய முடிந்தால் கம்பெனியோடு பேசுங்கள். முடியாது என்றால் எவ்வளவு நல்ல தெரபிஸ்ட் கிடைத்தாலும் பணம் வீண்தான்.

பள்ளிகளில் ஆன்லைன் தெரபி பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே 1975-இல் வந்த சட்டத்தின்படி, ஒரு பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தில் ஸ்பீச் தெரபி என்று எழுதிவிட்டால் பள்ளி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஆள் கிடைக்காததால் வீடியோ வழியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2005-லேயே இதை ஏற்கத்தக்க முறை என்று அறிவித்தது. ஒஹாயோ மாநிலக் கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வுகளில், உச்சரிப்புக் கோளாறு உள்ள பிள்ளைகள் நேரில் தெரபி பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே முன்னேறினார்கள். திக்குவாய்க்கும் வீடியோ வழிச் சிகிச்சை பலன் தந்திருக்கிறது. ஆட்டிசத்தில், பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் முறைக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிள்ளையை நேராகத் திரை முன் உட்காரவைத்துச் செய்யும் முறைக்கு அந்த அளவு இல்லை. கையால் தொட்டுச் செய்ய வேண்டிய பிசியோதெரபிக்கு இன்னும் குறைவு. கம்பெனிக்காரர்கள் இந்த ஆய்வுகளைக் காட்டும்போது ஒன்றை விட்டுவிடுவார்கள்: அந்தப் பள்ளிகளில் பிள்ளைக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் இருந்தார். முடிவை மட்டும் இங்கே கொண்டுவந்து, உதவியாளரை அங்கேயே விட்டுவிட்டால் அதே பலன் வராது.

நம் சட்டம் வேறு மாதிரி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. தெரபி உங்கள் பள்ளிக்கு வருவது சமக்ர சிக்ஷா என்ற அரசின் பள்ளிக் கல்வித் திட்டம் வழியாக, பி.ஆர்.சி. மூலமாக. அதனால் தனியாரைச் சேர்த்தாலும் பி.ஆர்.சி. பதிவேட்டிலிருந்து ஒரு பிள்ளையின் பெயரையும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் வேலை செய்யட்டும், ஒவ்வொரு பிள்ளையும் எதை எட்ட வேண்டும் என்று எழுதிய ஒரே இலக்குத் தாளை வைத்துக்கொண்டு.

எதைத் தொடங்குவதற்கும் முன்னால் நான்கு பேருக்கும் காது கேட்கும் திறன் பரிசோதனை, கண் பரிசோதனை. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. காதுப் பரிசோதனை சத்தம் புகாத அறையில், அளவு சரிபார்த்த ஆடியோமீட்டரில், ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) செய்ய வேண்டியது. பிள்ளை ஒத்துழைக்காவிட்டால், சத்தத்துக்குக் காது நரம்பு காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனை. ‘போனில் பாட்டு போட்டோம், திரும்பினான், காது நன்றாக இருக்கிறது’ என்று ஆன்லைனில் சொன்னால் நம்பாதீர்கள். நடுச்செவியில் நீர் கட்டியிருக்கும் பிள்ளை சத்தத்துக்குத் திரும்புவான், மெல்லிய மெய்யொலிகள் மட்டும் அவனுக்கு மங்கும். சளி பிடிக்கும் மழைக்காலத்தில் மோசமாகி, வெயிலில் சரியாகிவிடும் என்பதால் வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். மாவட்ட மருத்துவமனையிலோ, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திலோ இந்தச் சோதனையைக் கேளுங்கள். அந்த மையங்கள் 2013-இல் வந்த குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை உள்ளவர்களைப் பார்க்கின்றன. இதற்காக ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். ஆறு மாதத் தெரபி தவறான திசையில் போவதை அது தடுக்கும்.

‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்னும் பையனிடம் வருகிறேன். நான்கு பேரில் திரைவழித் தெரபிக்கு மிகவும் ஏற்றவன் இவன்தான். நாக்கின் பின்பகுதி எழ வேண்டிய இடத்தில் நுனி எழுகிறது. பொதுவாக நான்கு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும் பிழை இது. ஏழு வயதில் நீடிப்பதால் தெரபி வேண்டும். வழக்கமான முறையில் வாயை அகலத் திறந்து, நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘அக்’ சொல்ல வைப்போம். நுனி எழ முடியாததால் பின்பகுதி எழும். நேரில் என்றால் தெரபிஸ்டே சுத்தமான குச்சியால் பிடிப்பார். ஆன்லைனில் பிடிப்பவர் பக்கத்தில் இருப்பவர். எவ்வளவு அழுத்துவது, எங்கே வைத்தால் குமட்டும் என்பதை முதல் இரண்டு அமர்வுகளில் தெரபிஸ்ட் அவருக்குச் சொல்லித் தர வேண்டும். ஒலி வந்தபின் ‘அக்’, ‘இக்’, பிறகு ‘கா’, பிறகு ‘காக்கா’, ‘பாக்கு’, ‘கத்திரிக்காய்’, பிறகு வாக்கியம், கடைசியில் சாதாரணப் பேச்சு. இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் பத்துக்கு எட்டு சரியாக, அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் வந்தால்தான் மேலே ஏறுவது. அரை மணி அமர்வில் பையன் குறைந்தது 70 தடவையாவது அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். திரையில் பலூன் வெடிக்கும் விளையாட்டுக்கு நேரம் போய் 20 தடவைதான் சொன்னான் என்றால், அவன் சந்தோஷமாக இருந்தாலும் அது தெரபி நேரம் ஆகாது. பக்கத்தில் இருப்பவர் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணட்டும்.

உச்சரிப்புத் தெரபியில் சாதனக் கோளாறே பாதி வேலையைக் கெடுக்கும், யாரும் கவனிப்பதில்லை. சாதாரண போன் அழைப்பில் பல சமயம் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் போகும். ‘ஸ’, ‘ச’ போன்ற உரசொலிகளின் சக்தியில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், போனில் அந்த ஒலி சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வீடியோ செயலிகளில் அகலம் அதிகம், ஆனால் அவற்றின் சத்த நீக்கி நீட்டிச் சொல்லும் ‘ஸ்ஸ்ஸ்’ என்பதை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். அமைப்பில் சத்த நீக்கியை அணைக்க வேண்டும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தேர்வு இதற்காக இருக்கிறது. புளூடூத் ஹெட்செட்டில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒலித்தரம் இறங்கிவிடும், கம்பி ஹெட்செட்டே நல்லது. ஜன்னல் பிள்ளைக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகி நாக்கு தெரியாது. வெளிச்சம் முன்னாலிருந்து வாய்க்குள் விழ வேண்டும். கேமரா வாயின் உயரத்தில், ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கட்டும்.

மொழி விஷயத்தில் எல்லைப் பள்ளிகளுக்கென்று சில அபாயங்கள் உண்டு. ஆன்லைனின் மிகப் பெரிய நன்மையும் இங்கேதான் இருக்கிறது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் தமிழ் தெரபிஸ்ட் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிறார். தமிழ் தெரியாத தெரபிஸ்ட், மலையாளச் சொற்களில் உள்ள மூச்சொலி எழுத்துகளைப் பிள்ளை மூச்சில்லாமல் சொன்னால் பிழை என்று குறித்துவிடுவார். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒலிகள் வீட்டு மொழியில் இல்லை, அதில் கோளாறு எதுவும் கிடையாது. ‘வாழைப்பழம்’ வீட்டில் எல்லோர் வாயிலும் ‘வாளப்பளம்’ என்றால் பிள்ளையும் அப்படித்தான் சொல்லுவான், அதுவும் வட்டார வழக்கு. உண்மையான மொழிக் கோளாறு பிள்ளைக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் தெரியும். மலையாளத்தில் மட்டும் தடுமாறி, தமிழில் சரளமாக இருந்தால் அவன் இரண்டாம் மொழி கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். இதன் மறுபக்கமாக, ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இரண்டு மொழி குழப்புகிறது’ என்ற அறிவுரையும் தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிலும். அம்மாவுக்கு நன்றாக வராத மொழியில் அவரைப் பேசவைத்தால் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவுதான் குறையும்.

ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைக்குக் கம்பெனி என்ன திட்டம் தந்திருக்கிறது என்று பாருங்கள். ‘வாரம் மூன்று நாள், குழந்தை திரை முன் 40 நிமிடம்’ என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்தாறு சொல் பேசும் குழந்தை திரையில் நகரும் படத்தைப் பார்ப்பாள், அதிலுள்ள மனிதரோடு ஈடுபட மாட்டாள். இவளுக்கான ஆன்லைன் தெரபியில் மாணவி அம்மாதான். அம்மாவும் குழந்தையும் தரையில் உட்கார்ந்து விளையாடுவார்கள். போன் அறை முழுதும் தெரியும்படி ஓரத்தில் நிற்கும். அம்மாவின் ஒரு காதில் இயர்போன். தெரபிஸ்ட் பார்த்துக்கொண்டே, ‘இப்போது பேசாதீங்கம்மா, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து எண்ணுங்க, அவள் உங்களைப் பார்க்கட்டும்’ என்று காதில் சொல்லுவார். கேட்காமலே கொடுத்துவிடுவதும், காத்திருக்காமல் மறுபடி கேள்வி கேட்பதும்தான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள். அவற்றை நேரடியாகத் திருத்த இந்த முறை நன்றாக உதவும், சில சமயம் மையத்தைவிட நன்றாக. ஏனென்றால் குழந்தை தன் வீட்டில், தன் பொருட்களோடு இருக்கிறாள்.

வாரம் ஒரு பயிற்சி அமர்வு, 30 நிமிடம். அதில் கற்றதை அம்மா தனி நேரம் ஒதுக்காமல் குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, செருப்பு மாட்டும்போது, படுக்கப் போகும்போது ஐந்தைந்து நிமிடம் செய்வது. கூலி வேலைக்குப் போகும் அம்மாவிடம் தினம் ஒரு மணி நேரம் தெரபி செய்யச் சொல்லும் திட்டம் இரண்டாம் வாரமே நின்றுவிடும், பிறகு பழி அம்மா மேல் விழும். அமர்வை மாலையில் வைக்கக் கம்பெனி சம்மதிக்கிறதா என்று கேளுங்கள். பள்ளியில் இதே குழந்தைக்குப் படப் பரிமாற்றம், அதாவது படத்தைக் கொடுத்து வேண்டியதைக் கேட்பது, தொடங்கலாம்: தண்ணீர், கழிப்பறை, வெளியே, போதும் என்று நான்கு படங்கள் போதும் முதலில். அவளுடைய டம்ளர், உங்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவு என்று உண்மையான பொருட்களின் போட்டோவாக இருக்கட்டும். படமோ, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற பேசும் செயலியோ கொடுத்தால் குழந்தை பேசாமல் போய்விடும் என்ற பயம் பெற்றோருக்கு வரும். அப்படி ஆவதில்லை, பல குழந்தைகளுக்கு அது பேச்சுக்கும் துணை செய்கிறது. ஆட்டிசத்தைக் குணமாக்குவோம் என்று கம்பெனியின் நோட்டீஸில் எங்காவது எழுதியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீடும் ஆன்லைனில் வராது. 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச அளவுகோலை வைத்து நேரில் பார்த்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவக் குழுதான் தரும்.

செரிப்ரல் பால்சி உள்ள பையனுக்குத் திரை துணைதான், நேர்முகச் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. தசை இறுக்கத்தின் அளவு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, கையை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் எங்கே அழுத்துகிறது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். வளரும் வயதில் எலும்பு நீளும்போது தசை பின்தங்கி மூட்டு சுருங்கலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அவனை ஒரு முறையும் நேரில் பார்க்காத பிசியோ, வீடியோவில் ‘கையை இன்னும் இழுங்கள்’ என்று சொன்னால் இழுக்கக் கூடாது. நேரில் பார்த்தவர் கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்கத் திரை நன்றாக உதவும். உட்காரும் நிலையைச் சரிசெய்யவும் உதவும். பக்கவாட்டில் கேமராவை வைத்துக் காட்டுங்கள்: பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், படியாவிட்டால் கீழே பலகை. இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில். மேஜை முழங்கை உயரத்தில். இதைச் செய்தாலே பல பிள்ளைகளுக்கு எழுத்து மாறும், காசும் செலவில்லை. சாய்வுப் பலகை, தடித்த பென்சில், தாள் நகராமல் ஒட்ட டேப் ஆகியவற்றை ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) திரையில் பார்த்தே சொல்லலாம்.

இவனிடம் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி என்று இருந்தால் விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். அதை ஆன்லைனில் தொடவே கூடாது, நேராக மருத்துவமனை. வலிப்பு வந்த வரலாறு இருந்தால், அமர்வில் உடனிருப்பவருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும்: ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். தெரபிஸ்டிடம் பள்ளியின் முழு முகவரியும் ஹெச்.எம். எண்ணும் இருக்க வேண்டும், திரையில் நடப்பதைப் பார்த்துவிட்டு யாரைக் கூப்பிடுவது என்று அவர் திகைக்கக் கூடாது.

வாசிப்பு வராத நான்காம் வகுப்புப் பையனுக்கு ஆன்லைன் சரிவரும், ஆனால் பெரும்பாலான கம்பெனிகளின் பாடத்திட்டம் ஆங்கில ஒலி முறையை வைத்து எழுதியது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் என்பது பிரச்சினை. தமிழில் தடுமாறும் பிள்ளைக்குப் பிரச்சினை வேறு இடத்தில். ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ண, ன, ந மூன்றும், ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் காதுக்கு நெருங்கி, கண்ணுக்கு வேறாக இருக்கின்றன. அதற்கு மேல் உங்கள் பிள்ளைகள் மலையாள எழுத்தையும் படிக்கிறார்கள், உருவங்களில் சில தமிழை ஒத்திருக்கின்றன. இதற்கென்று தமிழ்ப் பாடப்பொருள் வைத்திருக்கிறார்களா, ஒரு மாதிரியை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் இந்தப் பையனை அவர்களிடம் கொடுக்க வேண்டாம், பி.ஆர்.சி. ஸ்பெஷல் எஜுகேட்டரே மேல். இருக்கிறது என்றால் இரண்டாவது போன் ஒன்றைப் புத்தக அடுக்கின் விளிம்பில், கேமரா கீழே பார்க்கும்படி நீட்டி வைத்து, கையெழுத்து நேர் மேலிருந்து தெரியும்படி செய்யுங்கள். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எழுத்துப் பயிற்சி கொடுக்க முடியாது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள், உங்கள் பையனுக்கு வயது வந்துவிட்டது, அந்த வேலையைத் தனியாகத் தொடங்கிவிடலாம்.

அறை பற்றிச் சில வார்த்தைகள். ஸ்டாஃப் ரூம் வேண்டாம். ஷீட் கூரை உள்ள கட்டடம் வேண்டவே வேண்டாம், ஜூன் மழையில் ஒரு சொல் கேட்காது. உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தாவிட்டால் மைக்கில் காற்று மட்டும்தான் கேட்கும். கைட் என்ற கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் வழியாக வந்த லேப்டாப் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் இருப்பது லினக்ஸ். கம்பெனியின் செயலி விண்டோஸில் மட்டும் ஓடுமா, பிரவுசரிலேயே திறக்குமா என்று ஒப்பந்தத்துக்கு முன் சோதித்துப் பாருங்கள். தெளிவான வீடியோவுக்கு அப்லோடும் டவுன்லோடும் தனித்தனியாக ஒன்றரை எம்.பி.பி.எஸ். இணைய வேகம் தொடர்ந்து வேண்டும், மூன்று இருந்தால் நிம்மதி. வேகச் சோதனையைத் தெரபி நடக்கப்போகும் அதே அறையில், அதே நேரத்தில் செய்யுங்கள், ஆபீஸ் ரூமில் காலை எட்டு மணிக்குச் செய்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் வைஃபை ரூட்டருக்கும் போகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் விளக்குக்கு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். தொடர்பு அறுந்தால் பக்கத்தில் இருப்பவர் செய்வதற்கு ஐந்து நிமிட வேலை ஒன்று தாளில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். விளையாட்டு பீரியடையும் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் எடுத்துத் தெரபிக்குக் கொடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு கலந்து பேசக் கிடைக்கும் நேரமே அதுதான்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பதிவு அது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்பதால் தெரபிஸ்ட் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேரளப் பிள்ளையைப் பார்ப்பதில் தடையில்லை. கம்பெனியின் பெயருக்கு எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்பது முக்கியமில்லை. உங்கள் பிள்ளையைப் பார்க்கப்போகும் ஆளின் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். பிசியோவும் ஓ.டி.யும் இந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள், அவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தனி. அவர்களிடம் பட்டத்தையும் மாநிலப் பதிவையும் கேளுங்கள்.

வருடப் பணத்தை முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். எட்டு வாரம் சோதனை, நடந்த அமர்வுக்கு மட்டும் பணம், அவர்கள் பக்கம் தவறினால் ஈடு அமர்வு, தெரபிஸ்டை மாற்றினால் பள்ளிக்கு முன்னறிவிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். மாதத்துக்கு ஒரு புது முகம் வந்தால் ஆட்டிசக் குழந்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவாள். ‘நான்கு பேருக்கும் ஒரே குரூப் அமர்வு’ என்பது உங்கள் விஷயத்தில் அர்த்தமற்றது, நால்வரின் தேவையும் நான்கு திசையில் இருக்கிறது. அமர்வுக் குறிப்புகள் தமிழிலோ மலையாளத்திலோ, அம்மாவுக்கும் பி.ஆர்.சி.க்கும் புரியும்படி வர வேண்டும். படக் கார்டுகளில் பனிமனிதனும் மஃபினும் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தேங்காய், ஆடு, நுங்கு, கள்ளிப்பெட்டி என்று பிள்ளை தினம் பார்ப்பவை வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாள 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொது விதியாகப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பள்ளி கையெழுத்துப் போட்டால் போதாது. சம்மதத் தாள் தமிழில் இருக்கட்டும், பதிவு செய்வார்களா, எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று அதில் இருக்கட்டும். விளம்பரத்துக்குப் பிள்ளையின் வீடியோவைப் பயன்படுத்தும் வரி எங்காவது இருந்தால் அடித்துவிடுங்கள். அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் அமர்வு முழுதும் உள்ளே இருக்க வேண்டும்.

பி.டி.ஏ. பணத்தைத் தொடும் முன் வேறு வழிகளைப் பார்த்துவிடுங்கள். ஆட்டிசக் குழந்தைக்கும் செரிப்ரல் பால்சிப் பையனுக்கும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு பொருந்தும். வருடம் ஒரு லட்ச ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் ஒரு பகுதி. மற்ற இருவருக்கும் அது பொருந்தாது. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை எடுத்துவிட்டால் நாடு முழுதும் செல்லும், பிள்ளை நாளைக்குத் தமிழ்நாட்டில் படிக்கப் போனாலும். திருவனந்தபுரத்து நிஷ் என்ற தேசியப் பேச்சு செவித்திறன் நிறுவனம், மைசூரின் அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிறுவனம், சென்னை முட்டுக்காட்டில் இருக்கும் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை அரசு சார்ந்த நிறுவனங்கள். முழு மதிப்பீட்டுக்கு ஒரு முறையாவது இவற்றில் ஒன்றுக்குப் போய்வருவது, கம்பெனியின் ஒரு மணி நேர ஆன்லைன் மதிப்பீட்டைவிட நம்பத்தக்கது. என் கணக்கில் பி.டி.ஏ. பணம் முதலில் போக வேண்டியது உச்சரிப்புப் பையனின் எட்டு வாரத்துக்கும், ஆட்டிசக் குழந்தையின் அம்மாவுக்கான பயிற்சிக்கும். ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் பேக்கேஜ் வாங்குவதைவிட, அதே பணத்தில் நேர்முக பிசியோவுக்கு மாதம் ஒரு வண்டி ஏற்பாடு செய்யலாம்.

பலன் இருக்கிறதா என்பதைக் கம்பெனியின் வண்ண அறிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், நீங்களே அளக்கலாம். உச்சரிப்புப் பையனிடம் ‘க’ வரும் 20 சொற்களைப் படம் காட்டிச் சொல்ல வைத்து, தெரபி தொடங்கும் முன்பே போனில் பதிவு செய்யுங்கள். எட்டாம் வாரம் அதே 20 சொற்கள். அவனோடு அதிகம் பழகாத வேறு வகுப்பு டீச்சர் ஒருவர், எது முதல் பதிவு எது இரண்டாவது என்று தெரியாமல் கேட்டு, புரிந்த சொற்களை எழுதட்டும். பெண் குழந்தைக்கு, ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்காமலே தானாக எத்தனை முறை சைகை, படம், சொல் எதையாவது பயன்படுத்தினாள் என்று எண்ணுங்கள், வாரம் ஒரே நாளில், ஒரே நேரத்தில். நான்காம் வகுப்புப் பையனுக்குப் புதிய பத்தி ஒன்றில் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்கள். எட்டு வாரத்தில் எண்ணில் அசைவே இல்லை என்றால் தெரபிஸ்டிடம் முறையை மாற்றச் சொல்லுங்கள், பன்னிரண்டாம் வாரமும் அப்படியே இருந்தால் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கு முன்னால் அமர்வுகள் உண்மையில் எத்தனை நடந்தன, எத்தனையில் அந்த நாற்காலியில் அதே ஆள் இருந்தார் என்று பதிவேட்டைப் பாருங்கள். நடக்க வேண்டியவற்றில் பாதிதான் நடந்திருக்கிறது என்றால் முறையைக் குறை சொல்ல முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது காதுப் பரிசோதனைக்குத் தேதி வாங்குவதும், நாற்காலியில் உட்காரப்போகும் ஆளோடு பேசுவதும். கம்பெனிக்காரரிடம் பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் இதே கேள்வியின் கீழ் பிள்ளைகளின் பெயர் இல்லாமல் எழுதுங்கள், அதை வைத்து இலக்குத் தாளை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.